தகர மனிதனின் மரபணு

அடைகாக்கும் கோழியின் முட்டைகளை நாளுக்கு ஒன்றாக உடைத்துப் பார்த்தால், மூன்றாம் நாள் முட்டையில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். ஆனால் துள்ளும். அரிஸ்டாட்டில் இதைப் பார்த்து எழுதி 2300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மூன்று பகலும் மூன்று இரவும் கழிந்தபின் வெள்ளைக்கருவில் இரத்தத் துளியைப் போல இதயம் தோன்றுகிறது, உயிருள்ள ஒன்றைப் போல அசைகிறது என்று விலங்குகளைப் பற்றிய தன் நூலில் அவர் குறித்து வைத்திருக்கிறார். பின்னால் வந்த ஐரோப்பிய மருத்துவர்கள் லத்தீனில் அதைத் ‘துள்ளும் புள்ளி’ என்றே அழைத்தார்கள். கண்ணுக்குத் தெரியும்படி வேறு எந்த உறுப்பும் இல்லாத ஓர் உடலில் இதயம் மட்டும் ஏற்கெனவே வேலைக்கு வந்துவிட்டது.

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தவன். பம்புகளோடு காலம் தள்ளுகிறேன். எங்கள் வேலையில் ஒரு பம்பைத் தொட வேண்டுமென்றால் முதலில் அதை நிறுத்த வேண்டும். வால்வை அடைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, எச்சரிக்கை அட்டை மாட்டிய பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுப்போம். ஓடிக்கொண்டிருக்கும் பம்புக்குள் புதிதாகச் சுவர் எழுப்பு என்று சொன்னால் சிரிப்பார்கள். கருவின் இதயம் அதைத்தான் செய்கிறது. மனிதக் கருவில் ஏறத்தாழ 22ஆம் நாளில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. அப்போது அது ஒரு நேர்க்குழாய், அவ்வளவுதான். துடித்துக்கொண்டே அந்தக் குழாய் வளைகிறது, உப்புகிறது, நான்கு அறைகளாகப் பிரிகிறது, வால்வுகளை முளைக்க வைக்கிறது. எட்டாவது வாரம் முடிவதற்குள் பெரும்பாலான கட்டுமானம் முடிந்துவிடும். ஒரு நிமிடம்கூட ஷட்டவுன் கிடையாது.

இவ்வளவு சிக்கலான வேலையில் எல்லாமே எப்போதும் சரியாக முடிவதில்லை. பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு இதயத்தின் அமைப்பில் ஏதோ ஒரு குறை இருக்கிறது. நம் வீடுகளில் அதற்கு ‘இதயத்தில ஓட்டை’ என்று பொதுவாக ஒரே பெயர்தான். என் உறவுக்கார அக்கா ஒருவரின் மகனுக்கு மேலறைகளுக்கு நடுவில் உள்ள சுவரில் அப்படி ஓர் ஓட்டை இருந்தது. பார்க்க வந்தவர்கள் கேட்டதெல்லாம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. “கிரகணத்தன்னிக்கு வெளிய கிளிய போனியாம்மா?” “பப்பாளி கிப்பாளி தின்னியா?” “உங்கம்மா வழியில யாருக்காச்சும் இப்படி இருக்கா?” எல்லாக் கேள்வியும் அக்காவிடம். அத்தானிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய ஒரு வரலாறு உண்டு. இதயம் எப்படி உருவாகிறது என்று மனிதர்கள் தேடிய வரலாறு அது.

முட்டைக்குள் பார்த்தவர்கள்

இரத்தம் உடலுக்குள் சுற்றி வருகிறது என்பதை 1628இல் நிறுவிய வில்லியம் ஹார்வியும் கோழிமுட்டையிடம்தான் போனார். ஓட்டை நீக்கிய முட்டையை இளஞ்சூடான தண்ணீரில் வைத்துப் பார்த்தார். சிறு மேகம் போன்ற ஒன்றின் நடுவே அந்தச் சிவப்புப் புள்ளி தோன்றி மறைந்துகொண்டிருந்தது. விரியும்போது தெரிகிறது, சுருங்கும்போது மறைகிறது. இருப்பதற்கும் இல்லாததற்கும் நடுவில் அது துடிக்கிறது என்ற வியப்பு அவருடைய எழுத்தில் தெரிகிறது. ஆனால் வெறுங்கண் அதற்குமேல் போகாது. 1657இல் ஹார்வி இறந்தார். 1670களின் தொடக்கத்தில் இத்தாலியின் மர்செல்லோ மல்பீகி நுண்ணோக்கியின் வழியே கோழிக்கருவைப் பார்த்து, அந்தப் புள்ளி ஒரு குழாய் என்றும் அது வளைந்து உருமாறுகிறது என்றும் வரைந்து காட்டினார். மூன்றாம் நாளுக்கு வெகுமுன்பே, இரண்டாம் நாளின் நடுப்பகுதியிலேயே கோழியின் இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது என்பதும் நுண்ணோக்கி வந்தபிறகு தெரிந்ததுதான்.

அடுத்த 200, 250 ஆண்டுகளில் கருவியலாளர்கள் இந்தக் கதையின் படங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். கருவின் நடுப்படலத்தில், இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு திட்டுகளில் இதயத்துக்கான உயிரணுக்கள் திரள்கின்றன. இரண்டும் நடுக்கோட்டை நோக்கி நகர்ந்து வந்து இணைந்து ஒரே குழாயாகின்றன. கோழிக்கருவில் இந்த இணைப்பைத் தடுத்துப் பார்த்தபோது இரண்டு இதயங்கள் உருவாயின. ஒவ்வொன்றும் தனித்தனியே துடித்தது. அப்படியென்றால் துடிக்க வேண்டும் என்ற செய்தி முழு உறுப்பும் உருவான பிறகு வருவதில்லை. அந்த உயிரணுக்களுக்குள் அது முன்பே இருக்கிறது. யார் சொன்னது, எப்படிச் சொன்னது என்று மட்டும் தெரியவில்லை.

காரணம் தெரியாமலே சரிசெய்யவும் தொடங்கிவிட்டார்கள். 1944இல் பால்டிமோரில் ஹெலன் டாவ்சிக், ஆல்ஃபிரட் பிளேலாக், விவியன் தாமஸ் மூவரின் உழைப்பில், உடல் நீலம் பூத்துப் பிறக்கும் குழந்தைகளுக்கான முதல் அறுவை சிகிச்சை நடந்தது.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1941இல், சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். கண்புரையோடு பிறக்கும் குழந்தைகள் திடீரென்று அதிகமானார்கள். அவர்களில் பலருக்கு இதயக் குறையும் இருந்தது. அவருடைய காத்திருப்பு அறையில் தாய்மார்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதுதான் துப்பு கொடுத்தது என்று சொல்வார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் அவர்களுக்கு ரூபெல்லா என்ற அம்மை வந்திருந்தது. மருத்துவ உலகம் உடனே நம்பவில்லை. கடைசியில் கிரெக் சொன்னதுதான் சரி என்றானது. மலேசியப் பள்ளிகளில் ஒரு காலத்தில் மாணவிகளுக்கு மட்டும் ரூபெல்லா ஊசி போட்டதன் வேர் அங்கே இருக்கிறது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, தாய்மார்களின் பேச்சைச் சாட்சியமாக ஒருவர் கேட்டார் என்பது. அதே பேச்சை வாக்குமூலமாகக் கேட்பதுதான் நம் பழக்கம்.

இதயம் இல்லாத ஈ

பதில் வந்தது ஓர் ஈயிடமிருந்து. வாழைப்பழத்தை மேசையில் இரண்டு நாள் விட்டால் மொய்க்குமே, அந்தப் பழ ஈ. அதற்கும் இதயம் உண்டு. முதுகோடு ஓடும் ஒரு மெல்லிய குழாய்தான் அது. நம்முடையதைப் போல அறைகள் கிடையாது.

1989இல் யோங்சோக் கிம், மார்ஷல் நிரன்பெர்க் இருவரும் பழ ஈயில் நான்கு புதிய மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். நிரன்பெர்க் மரபுக் குறியீட்டைப் படித்ததற்காக 1968இல் நோபல் பரிசு பெற்றவர். இருவர் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அவற்றுக்கு ‘என்.கே.’ என்று பெயர் வந்தது. அவற்றில் நான்காவதை சான் பிரான்சிஸ்கோவில் யூ நுங் ஜான், லில்லி ஜான் தம்பதியின் ஆய்வகத்தில் இருந்த ரோல்ஃப் போட்மர் தனியாகக் கண்டெடுத்து 1990இல் வெளியிட்டார். பிறகு அந்த மரபணு வேலை செய்யாத ஈக்களை ஆராய்ந்தார். கரு வளர்ந்தது. தசைகள் இருந்தன. முதுகுக் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. இதயமே உருவாகவில்லை. 1993இல் இது அச்சில் வந்தபோது மரபணுவின் பெயர் ‘டின்மேன்’. ஃபிராங்க் பாம் 1900இல் எழுதிய ஓஸ் மந்திரவாதி கதையில், தனக்கு ஓர் இதயம் வேண்டும் என்று கேட்டுப் பயணம் போகிறானே, அந்தத் தகர மனிதன்.

டின்மேன் என்ன செய்கிறது? நம் தோட்டத்துக் கங்காணியை நினைத்துக்கொள்ளலாம். அவர் மரம் சீவமாட்டார். யார் எந்த நிரைக்குப் போக வேண்டும் என்று காலையில் பெரட்டில் சொல்லிவிடுவார். டின்மேன் உருவாக்கும் புரதமும் தசையாகாது, வால்வாகாது. மரபிழையின் குறிப்பிட்ட இடங்களில் போய் ஒட்டிக்கொண்டு மற்ற மரபணுக்களை வேலைக்கு அனுப்பும். எந்த உயிரணு இதயமாக வேண்டும் என்ற உத்தரவை அது கொடுக்கிறது.

அதே 1993இல் இரண்டு குழுக்கள் எலியில் டின்மேனின் உறவினரைக் கண்டுபிடித்தன. அமெரிக்காவில் இஸ்ஸெய் கொமுரோ, செய்கோ இசுமோ. ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் ஹார்வியின் குழு. மறுபடியும் ஒரு ஹார்வி! அந்த மரபணுவுக்கு நிலைத்த பெயர் என்.கே.எக்ஸ்.2-5. எலிக்கருவில் இதயம் தோன்றப்போகும் இடத்தில், இதயம் தோன்றுவதற்கு முன்பே அது விழித்துக்கொள்கிறது.

ரிச்சர்ட் ஹார்வி பின்னாளில் பணியாற்றிய சிட்னி நிறுவனத்தின் பெயரில் மலேசியர்களுக்கு ஒரு நெருடல் உண்டு. அது விக்டர் சாங் இதய ஆய்வு நிறுவனம். ஷாங்காயில் பிறந்து ஆஸ்திரேலியாவில் புகழ்பெற்ற இதய அறுவை மருத்துவரான விக்டர் சாங், 1991இல் பணம் பறிக்கும் முயற்சி ஒன்றில் சிட்னியில் சுட்டுக் கொல்லப்பட்டார். தண்டிக்கப்பட்ட இருவரும் மலேசியர்கள். அவருடைய நினைவாக 1994இல் தொடங்கப்பட்ட நிறுவனம்தான் அது.

ஈயும் நாமும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஈயின் இதயம் முதுகில், நரம்புத் தண்டு வயிற்றுப்பக்கம். நமக்கு இரண்டும் தலைகீழ். 1822இல் பிரெஞ்சு விலங்கியலாளர் ஜெஃப்ருவா சான்-இலேர், பூச்சி என்பது மல்லாக்கப் போட்ட முதுகெலும்பி என்று எழுதியபோது பலர் அதைக் கற்பனை என்றார்கள். 1830இல் பாரிஸில் கூவியேவுடன் நடந்த புகழ்பெற்ற விவாதத்தில் சான்-இலேரின் கட்சி தோற்றதாகவே பேசப்பட்டது. 1990களில் மூலக்கூறுகள் அவருக்குக் கொஞ்சம் நியாயம் செய்தன. ஈயின் முதுகில் இதயத்தை உருவாக்கத் தூண்டும் சமிக்ஞைப் புரதமும், கோழிக்கருவில் அதே வேலையைச் செய்யும் புரதமும் ஒரே குடும்பம்.

பொருந்தாத உதிரிபாகம்

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஒரு மரபணு, ஒரு இதயம். பாகம் பழுதானால் பம்பு ஓடாது. ஆனால் 1995இல் ஹார்வியின் குழு என்.கே.எக்ஸ்.2-5 முற்றிலும் இல்லாத எலிக்கருக்களை உருவாக்கியது. ஈயைப் பார்த்து எதிர்பார்த்திருந்தால் இதயமே இருக்கக்கூடாது. இருந்தது. குழாய் உருவாகித் துடிக்கவும் செய்தது. ஆனால் சரியாக வளையவில்லை. வளையாததால் அறைகள் வளரவில்லை. ஒன்பது, பத்து நாள் வயதில் கரு இறந்தது.

1998இல் இன்னொரு சோதனை. டின்மேன் இல்லாத ஈக்குள் எலியின் மரபணுவை வைத்துப் பார்த்தார்கள். ஈயின் குடல் தசை சரியானது. இதயம் வரவில்லை. டின்மேன் புரதத்தின் முன்நுனியிலுள்ள ஒரு துண்டை எலியின் புரதத்தோடு ஒட்டிக் கொடுத்தபோது இதயமும் வந்தது. கடையில் வாங்கிய உதிரிபாகம் பார்வைக்கு ஒன்றாக இருந்தும் போல்ட் ஓட்டை ஒத்துவராத அனுபவம் எங்களுக்குப் பழக்கம். 50 கோடி ஆண்டுகளில் முதுகெலும்பிகள் ஒரே கங்காணியை நம்புவதை விட்டுவிட்டு, வேலையைப் பல பேரிடம் பிரித்துக் கொடுத்துவிட்டன.

அந்தப் பல பேரில் சிலரை மீன்கள் காட்டிக்கொடுத்தன. செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் வரிக்குதிரை மீனின் கரு கண்ணாடி போன்றது. அதன் இதயத்தை வெளியிலிருந்தே பார்க்கலாம். இன்னொரு வசதி, கரு சின்னது என்பதால் தண்ணீரிலிருந்தே அதற்கு ஆக்சிஜன் கிடைத்துவிடும். இதயம் ஓடாவிட்டாலும் சில நாள் உயிரோடிருக்கும். 1996இல் ஜெர்மனியின் டியூபிங்கனிலும் அமெரிக்காவின் பாஸ்டனிலும் ஆயிரக்கணக்கில் பிறழ்வுற்ற மீன்களை ஆராய்ந்த முடிவுகள் ஒன்றாக வெளிவந்தன. ஒரு மீனில் இரண்டு திட்டுகளும் சேராமல் இரண்டு இதயங்கள். இன்னொன்றில் இதயம் முழுதாக உருவாகியும் ஒருமுறைகூடத் துடிப்பதில்லை. அதற்கு ‘மௌன இதயம்’ என்று பெயர் வைத்தார்கள்.

2001இல் மூன்று குழுக்கள் தனித்தனியே இன்னொன்றைக் கண்டன. முதலில் உருவாகும் குழாயில் முழு இதயத்துக்குமான பொருள் இல்லை. பின்னால் இருந்து இரண்டாவது படை உயிரணுக்கள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கின்றன. வலக் கீழறையும் இதயத்திலிருந்து வெளியேறும் பெருங்குழாய்ப் பகுதியும் அவர்கள் கட்டியவை. மெக்சிகோவில் மரியா விக்டோரியா தெ லா க்ரூஸ் 1977லேயே கோழிக்கருவில் அடையாளங்கள் வைத்து இதைச் சுட்டியிருந்தார். பாடப்புத்தகங்கள் அதைக் கேட்க இன்னும் 24 ஆண்டுகள் ஆயின.

நான்கு குடும்பங்கள்

ஈ, எலி, மீன் என்று வந்த இந்தப் பாதை 1998இல் மனிதர்களைத் தொட்டது. ஹார்வர்டில் கிறிஸ்டின் சைட்மன், ஜோனதன் சைட்மன் இருவரின் ஆய்வகம் நான்கு குடும்பங்களை ஆராய்ந்தது. தலைமுறை தலைமுறையாக மேலறைச் சுவரில் ஓட்டை. கூடவே இதயத்தின் மின்சமிக்ஞை மேலறையிலிருந்து கீழறைக்குப் போவதில் தாமதம். நான்கிலும் என்.கே.எக்ஸ்.2-5இல் பிறழ்வு இருந்தது. நம் எல்லோரிடமும் இந்த மரபணு இரண்டு பிரதிகள் உண்டு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இவர்களிடம் ஒரு பிரதி நன்றாகத்தான் இருந்தது. பாதி அளவு குறைந்ததே போதுமானதாக இருந்தது.

ஆனால் ஒரே குடும்பத்தில், ஒரே பிறழ்வைச் சுமந்தவர்களில் ஒருவருக்கு ஓட்டை இருந்தது, இன்னொருவருக்கு மின்தடை மட்டும். கங்காணி பாதி நாள் வந்தால் எந்த நிரை விட்டுப்போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதல்லவா, அப்படி.

இதற்கு ஓராண்டு முன்பு டி.பி.எக்ஸ்.5 என்ற மரபணு பிடிபட்டிருந்தது. 1960இல் லண்டனில் மேரி ஹோல்ட், சாமுவேல் ஓரம் என்ற இரு மருத்துவர்கள், கட்டைவிரல் பிறழ்ந்தும் மேலறைச் சுவரில் ஓட்டையோடும் பிறந்த ஒரு குடும்பத்தைப் பதிவுசெய்திருந்தார்கள். கைக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு 37 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த பதில், இரண்டையும் கட்டும்போது ஒரே மரபணு வேலை செய்கிறது என்பது. 2003இல் கேட்டா4 என்ற மூன்றாவதும் சேர்ந்தது. மூன்றின் புரதங்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கூட்டாக வேலை செய்பவை.

யாரும் செய்யாத பிழை

“உங்கம்மா வழியில யாருக்காச்சும் இருக்கா?” என்ற கேள்வி இப்போது விஞ்ஞானத்தின் உடையைப் போட்டுக்கொண்டு திரும்பி வரக்கூடும். கிரகணத்தின் இடத்தில் மரபணு. குற்றவாளி மட்டும் அதே ஆள். இந்த வரலாற்றை வாசித்தவர்கள் அதை அனுமதிக்கக்கூடாது என்று நினைக்கிறேன். அதற்கு எனக்குத் தெரிந்து இரண்டு வலுவான காரணங்கள் உண்டு.

முதலாவது, தற்செயல். இதயக்குழாய் வளைவதுதான் நம் உடலில் கண்ணுக்குத் தெரியும் முதல் இட வல வேறுபாடு. எந்தப் பக்கம் என்று அதற்கு எப்படித் தெரியும்? 1998இல் டோக்கியோவில் நொபுதாகா ஹிரோகாவாவின் குழு எலிக்கருவின் ஒரு சிறு குழியில் நுண்ணிழைகள் சுழன்று திரவத்தை இடப்பக்கமாகத் தள்ளுவதைக் காட்டியது. திரவ ஓட்டம்தான் இடத்தையும் வலத்தையும் தீர்மானிக்கிறது! திரவ இயக்கவியல் தேர்வுக்கு இரவெல்லாம் விழித்துப் படித்தவனுக்கு இதைவிட இனிமையான செய்தி இருக்க முடியாது. ஒருவகை எலியில் மரபணுக் குறையால் அந்த இழைகள் அசைவதில்லை. எல்லா எலிக்கும் அதே குறை. இதயம் பாதிப்பேருக்கு இடப்பக்கம், பாதிப்பேருக்கு வலப்பக்கம். காசு சுண்டிப் போட்ட கணக்கு. உருவொத்த இரட்டையரில்கூட ஒருவருக்கு இதயக் குறை இருந்து மற்றவருக்கு இல்லாமல் போவது உண்டு. அதே கருப்பை, அதே மரபணு, அதே பப்பாளி.

இரண்டாவது, புதிதாகத் தோன்றும் பிறழ்வுகள். 2013இல் அமெரிக்காவில் தாய், தந்தை, கடுமையான இதயக் குறையுள்ள குழந்தை என மூவர் மூவராக 362 குடும்பங்களின் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். இக்குறைகளில் ஏறத்தாழ 10 விழுக்காட்டில், அம்மாவிடமும் இல்லாத, அப்பாவிடமும் இல்லாத புதிய பிறழ்வுகளுக்குப் பங்கு இருப்பதாக மதிப்பிட்டார்கள். கோடிக்கணக்கான எழுத்துகளைப் பிரதியெடுக்கும்போது விழும் எழுத்துப்பிழை. அப்படிப்பட்ட பிழை எதுவும் விழாத மனிதர் ஒருவரும் இல்லை. பெரும்பாலும் அது ஒன்றும் செய்யாத இடத்தில் விழுகிறது.

கையில் எதுவுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ரூபெல்லா ஊசி பலன் தந்திருக்கிறது. கர்ப்பத்துக்கு முன்பே உள்ள நீரிழிவு, குழந்தைக்கு இதயக் குறை வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. இனிப்புநீர் இவ்வளவு பரவியிருக்கும் நம் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இவையெல்லாம் ஊசி, பரிசோதனை, கிளினிக், நல்ல சாப்பாடு என்று பொதுவில் செய்ய வேண்டியவை. படுக்கையில் இருக்கும் ஒரு பெண்ணை விசாரிப்பதால் வருபவை இல்லை.

பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இன்னும் குறிப்பிட்ட ஒரு காரணத்தைக் காட்ட முடிவதில்லை. ஆனாலும் தாய்மார்கள் உண்மையில் கேட்க விரும்பும் கேள்விக்கு, “அடுத்த பிள்ளைக்கும் வருமா டாக்டர்?” என்ற கேள்விக்கு, இப்போது ஓரளவு பதில் சொல்ல முடிகிறது. அந்த நான்கு குடும்பங்களைப் போன்றவர்களுக்குப் பிறழ்வு கடந்துபோகும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அவர்களுடைய உறவினர்களை முன்கூட்டியே பரிசோதித்து, தேவையானவருக்கு உரிய நேரத்தில் பேஸ்மேக்கர் வைத்துக் காப்பாற்றலாம். புதிதாகத் தோன்றிய பிறழ்வு என்றால் அது மீண்டும் வருவது மிக அரிது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் நூற்றில் சில.